தட்டைக் கூரையின் தரம் அறிதல்

மலேசியாவின் நகர்ப்புறங்களில் வரிசை வீடு வாங்குவோர் பலர், சில ஆண்டுகளிலேயே வீட்டின் பின்புறத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்கிக்கொள்கின்றனர். வீட்டின் முன்பகுதிக்கு ஓட்டுக் கூரை இருக்கும். நீட்டிக் கட்டிய பகுதிக்கோ பல வீடுகளில் கான்கிரீட்டாலான தட்டைக் கூரை போடப்படுகிறது. தண்ணீர்த் தொட்டி வைக்கவும் குளிரூட்டியின் வெளிப்பகுதியைப் பொருத்தவும் அந்தக் கூரை வசதியாக இருக்கும். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள், இரு நாடுகளிலும் உள்ள பள்ளிகள், அலுவலகங்கள் எனத் தட்டைக் கூரை இல்லாத ஊரே இல்லை எனலாம்.

இத்தகைய கூரை ஆண்டுகள் பல கடந்தபின் ஒழுகத் தொடங்குவது வழக்கம். முதலில் சமையலறையின் உட்கூரையில் தேநீர் சிந்தியது போன்ற ஒரு கறை தோன்றும். பிறகு சாயம் உரியும், பூஞ்சை படரும், ஒரு நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வீட்டுக்காரர் குத்தகையாளரை அழைக்கிறார். பழைய நீர்க்காப்பு அடுக்கு பெயர்த்தெடுக்கப்படுகிறது. கூரையின் மேற்பரப்பு செப்பனிடப்படுகிறது. புதிய அடுக்கு போடப்படுகிறது. கான்கிரீட் தளத்தை இடிக்காமல் அதன் மேலுள்ள காப்பை முழுமையாகப் புதுப்பிக்கும் இவ்வேலையைத்தான் மக்கள் பொதுவாகக் 'கூரை மாற்றுதல்' என்கின்றனர்.

வேலை முடிகிறது. ஏணியில் ஏறிப் பார்த்தால் கூரை பளபளவென்று இருக்கிறது. "இனிமேல் கவலையே இல்லை அக்கா, மழை பெய்யட்டும், நீங்களே பாருங்கள்!" என்று குத்தகையாளர் உறுதி கூறுகிறார். மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டிய நேரம் அது. பல மாதச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கவிருக்கும் ஒருவர், அந்த வேலை நன்றாகச் செய்யப்பட்டதா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது?

சுவருக்குச் சாயம் பூசினால் அதன் நிறை குறைகளைக் கண்ணே சொல்லிவிடும். கூரையின் நீர்க்காப்பு அப்படிப்பட்டதன்று. அதன் தரத்தைத் தீர்மானிக்கும் பகுதிகள் பெரும்பாலும் அடியிலும் ஓரத்திலும் பொருத்துகளிலும் மறைந்துள்ளன. கண்ணில் படும் நடுப்பரப்பு பொதுவாக ஒழுகுவதில்லை. ஒழுகுவது சுவரோரம், குழாய் நுழையும் துளை, தண்ணீர் வடியும் வாய், இரண்டு விரிப்புகள் சேரும் இடம் ஆகியவையே. ஆகவே, நடுவில் நின்றுகொண்டு பளபளப்பைப் பார்த்து மகிழ்வதால் பயனில்லை.

மழை பெய்தால் தெரிந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். மழைநீர் சரிவில் ஓடி விரைவாக வடிந்துவிடும். ஒரு சிறு துளை வழியாக உள்ளே புகும் நீர், நீர்க்காப்பு அடுக்குக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே பரவி, கான்கிரீட்டின் விரிசலைத் தேடிப்போய், அதன் வழியே கீழே இறங்க வாரக்கணக்கில் ஆகலாம். மேலே துளை ஓரிடத்தில் இருக்க, கீழே ஈரம் வேறோரிடத்தில் தோன்றுவதும் இதனால்தான். தவிர, கூரை அசையாப் பொருளும் அன்று. நண்பகல் வெயிலில் கருநிறக் கூரைப் பரப்பின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை கொட்டியதும் அது சட்டென்று குளிர்ந்துவிடும். பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டின் வெப்பம் 30 பாகை மாறினால் அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மாறும். நாள்தோறும் இவ்வாறு விரிந்து சுருங்கும் தளத்தோடு நீர்க்காப்பும் நீண்டு சுருங்க வேண்டும். ஒட்டாமல் விடப்பட்ட பொருத்து முதல் மழையைத் தாங்கிவிட்டு, ஆறாவது மாதத்தில் வாயைத் திறப்பதுண்டு. அப்போது பணம் முழுவதும் கைமாறியிருக்கும்.

எனவே கூரையை மழைக்கு முன்பே, வேலை நடக்கும்போதும் முடிந்த உடனேயும் ஆராய வேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சமையலறைக் கூரையை எடுத்துக்கொள்ளலாம். அதன் பரப்பளவு 24 சதுர மீட்டர்.

முதலில் சரிவு. 'தட்டை' என்ற சொல் இங்குப் பலரைத் தவறாக எண்ண வைத்துவிடுகிறது. நல்ல தட்டைக் கூரை உண்மையில் தட்டையாக இருப்பதில்லை. தண்ணீர் வடியும் வாயை நோக்கி அது மெல்லச் சரிந்திருக்க வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்பது கட்டுமானத் துறையில் பரவலாகக் கொள்ளப்படும் குறைந்தபட்சச் சரிவு. அதாவது, 4 மீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் இறக்கம். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஒரு நூலை இழுத்துக் கட்டி, ரசமட்டத்தால் அது நேராக உள்ளதா என்று பார்த்து, இரு முனைகளிலும் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். அதைவிட எளிய வழியும் உண்டு. மழை விட்டு இரண்டு நாள் கழித்துக் கூரையைப் பார்க்க வேண்டும். 48 மணி நேரம் கடந்தும் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தால், அங்குச் சரிவு சரியாக அமையவில்லை என்று பொருள். தண்ணீர் முழுவதும் காய்ந்துவிட்டாலும் குட்டை இருந்த இடத்தைச் சுற்றி மண்ணும் தூசியும் வளையமாகப் படிந்திருக்கும். அந்த வளையமே போதிய சாட்சி.

தேங்கும் நீர் நீர்க்காப்பின் ஆயுளைக் குறைப்பதோடு நிற்பதில்லை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த நீர் சிறிதளவு தேங்கினாலே போதும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ், கொசு உற்பத்திக்கு இடங்கொடுக்கும் வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கப்படலாம். சிங்கப்பூரிலும் அத்தகைய நடவடிக்கை உண்டு. குத்தகையாளர் சரிவைச் சரியாக அமைக்காததற்கு வீட்டுக்காரர் தண்டம் கட்ட நேர்வது வேடிக்கைதான்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது அடித்தளம். இது வேலை நடக்கும்போது மட்டுமே பார்க்கக் கூடியது. பழைய அடுக்கை முழுவதும் எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பழையது ஆடினால் புதியதும் ஆடும். மேலும், கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது அதை மூடிவிட்டால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போகும். வெயில் ஏறியதும் ஈரம் ஆவியாகி, நீர்க்காப்பை மேலே தள்ளும். கூரையில் ஆங்காங்கே கொப்புளங்கள் எழுவது இதனால்தான். புதிய கூரையில் சில வாரங்களிலேயே கொப்புளம் தோன்றினால், பொருள் மட்டமானது என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் பொருள்மீது குற்றமில்லை. தளம் காய்வதற்குக் காத்திருக்காத அவசரமே காரணம். அரை மீட்டர் சதுரமான ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, ஓர் இரவு விட்டுவைத்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். காலையில் தாளின் அடிப்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் வேலையை வைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பு நீளும். ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நாடுகளில் கூரை வேலைக்கு நாள் பார்ப்பது ஒன்றும் மூடநம்பிக்கையன்று.

நீர்க்காப்புப் பொருள்கள் பலவகை. இங்குப் பரவலாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று, சுருளாக வரும் நிலக்கீல் விரிப்பு. வேலையாள்கள் இதை 'மெம்பிரேன்' என்பார்கள். பொதுவாக ஒரு சுருள் 1 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. எரிவாயுச் சுடரால் அதன் அடிப்புறத்தை உருக்கிக்கொண்டே தளத்தில் விரித்து ஒட்டுவார்கள். மற்றொன்று, சாயம் போலப் பூசி உலரவிடும் திரவ நீர்க்காப்பு. இரண்டில் எது உயர்ந்தது என்று வாதிடுவதைவிட, எதுவானாலும் ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று பார்ப்பதே முக்கியம்.

விரிப்பில் உயிர்நாடி, பொருத்துகள்தாம். ஒரு விரிப்பின் ஓரம் அடுத்த விரிப்பின் ஓரத்தின்மேல் பக்கவாட்டில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரும், நீளவாட்டில் முனைகள் சேருமிடத்தில் 15 சென்டிமீட்டரும் ஏறியிருக்க வேண்டும். தாழ்ந்த பகுதியில் தொடங்கி மேல்நோக்கி விரித்துச் செல்வதே முறை. அப்போதுதான் மேலுள்ள விரிப்பு கீழுள்ளதன்மேல் மீன் செதில்போல் படியும். ஓடிவரும் நீர் பொருத்தின் வாய்க்குள் புகாமல் அதன் முதுகின்மேல் ஓடும். வரிசைக்கு வரிசை முனைப் பொருத்துகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் தள்ளித் தள்ளி அமைந்திருக்க வேண்டும். நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் அவ்விடம் தடித்து, சரியாக ஒட்டாமல் போகும்.

நல்ல பொருத்தின் அடையாளம் ஒன்று உண்டு. அதைத்தான் பலர் குறையென்று தவறாக நினைக்கின்றனர். போதிய சூடு கொடுத்து அழுத்தினால், உருகிய நிலக்கீல் பொருத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரிய கோடாகப் பிதுங்கி நிற்கும். பார்ப்பதற்கு அது அழகாக இராது. "ஏன் தம்பி, இப்படி மை கசிந்ததுபோல் அசிங்கமாக இருக்கிறது?" என்று வீட்டுக்காரர் கேட்பதுமுண்டு. உண்மையில் அந்தக் கரிய கோடு இடைவிடாமல் ஓடியிருந்தால் உள்ளே முழுவதும் ஒட்டியிருக்கிறது என்று நம்பலாம். கோடே இல்லாத, மிகத் துப்புரவான பொருத்தைத்தான் ஐயத்தோடு பார்க்க வேண்டும். விரிப்பு நன்கு ஆறியபின் கொத்தனாரின் கரண்டி முனையைப் பொருத்தின் ஓரமாக மெல்ல ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கேனும் முனை உள்ளே நுழைந்தால் அவ்விடம் ஒட்டவில்லை. சூடு மிகுந்தாலும் கேடுதான்: விரிப்பின் உள்ளே இருக்கும் இழை வெளியே தெரியும் அளவுக்கு நிலக்கீல் உருகி வழிந்திருந்தால், அவ்விடத்தின் வலிமை போய்விட்டது.

திரவ நீர்க்காப்பில் பொருத்துகளே இல்லை. அதனால் அதில் குறை இருக்க வழியில்லை என்று எண்ணுவது தவறு. அங்கே ஏமாற்றம் தடிப்பில் நிகழும். இதைக் கண்டுபிடிக்கத் தொடக்கப்பள்ளிக் கணக்கே போதும். 1 லிட்டர் திரவத்தை 1 சதுர மீட்டர் பரப்பில் சீராகப் பூசினால் அதன் தடிப்பு 1 மில்லிமீட்டர். 24 சதுர மீட்டர் கூரைக்கு 1.5 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், குறைந்தது 36 லிட்டர் தேவை. சுவரில் ஏறும் பகுதியையும், உலரும்போது ஆவியாகும் அளவையும் சேர்த்தால் இன்னும் கூடும். 20 லிட்டர் கொள்ளும் வாளிகள் இரண்டு முழுவதும் தீர்ந்தும் போதாமல் இருக்க வேண்டிய இடத்தில், கூரையோரம் ஒரே ஒரு காலி வாளி கிடந்தால், பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை என்பது உறுதி. காலி வாளிகளை எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவான செயல் அன்று. அனுபவமுள்ள மேற்பார்வையாளர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள். விரிப்புக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஒரு சுருள் 10 சதுர மீட்டர் என்றால், 24 சதுர மீட்டருக்கு இரண்டரைச் சுருள் போதுமே எனத் தோன்றும். பொருத்துகளில் மறையும் பகுதியையும் சுவரில் ஏறும் பகுதியையும் கூட்டினால் மூன்றுக்கு மேல் ஆகும். இரண்டரைச் சுருளில் வேலை முடிந்துவிட்டது என்றால், எதையோ விட்டுவிட்டார்கள்.

திரவத்தை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசக்கூடாது. இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூச வேண்டும். கவனமான குத்தகையாளர்கள் முதல் பூச்சுக்கு ஒரு நிறமும் அடுத்த பூச்சுக்கு மற்றொரு நிறமும் பயன்படுத்துகின்றனர். எங்கே பூச்சு விடுபட்டதோ அங்கே அடிநிறம் எட்டிப் பார்க்கும். தன் வேலையைத் தானே காட்டிக்கொடுக்கும் முறையை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தால், அவரை நம்பலாம்.

இனி ஓரங்கள். ஒழுகும் கூரைகளைப் பழுதுபார்ப்போர் முதலில் தேடிச் செல்லும் இடங்கள் இவை. தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கும் மூலை செங்கோணமாக இருக்கும். விரிப்பைச் செங்கோணமாக மடக்கினால், மடிப்பின் அடியில் வெற்றிடம் உண்டாகி, நாளடைவில் அங்கே கிழியும். ஆதலால், மூலையில் முதலில் சிமெண்டுக் காரையால் சாய்வான ஒரு முக்கோண விளிம்பு அமைத்து, அதன்மேல் விரிப்பை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல் நுனியால் மூலையை அழுத்திப் பார்த்தால் அது திண்ணென்று இருக்க வேண்டும். உள்வாங்கினால் அடியில் ஒன்றுமில்லை என்று பொருள்.

விரிப்பு அங்கிருந்து சுவரின்மேல், முடிவான தளமட்டத்திலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். முடிவான தளமட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். விரிப்பின்மேல் காரையோ ஓடோ பதிக்கத் திட்டமிருந்தால், அதன் உயரத்தையும் கழித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சுவரில் ஏறிய விரிப்பின் மேல்விளிம்பு எப்படி முடிகிறது என்பது அதைவிட முக்கியமானது. வெறுமனே ஒட்டி விட்டிருந்தால், வெயிலில் அது நாளடைவில் சுவரைவிட்டு உதிர்ந்து, சுவரில் வழியும் மழைநீருக்கு வாய் திறந்த பையாகிவிடும். சுவரில் சிறு பள்ளம் வெட்டி அதற்குள் விளிம்பைச் செருகி அடைக்க வேண்டும். அல்லது உலோகப் பட்டையை வைத்துத் திருகாணிகளால் இறுக்கி, மேலே அடைப்புப் பசை இட வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் சுவராகவும் இருக்கும். அங்கே விடப்படும் குறை இரண்டு குடும்பங்களைப் பாதிக்கும். சில வேளைகளில் அவர்களிடையே உள்ள உறவையும் பாதிக்கும்.

தண்ணீர் வடியும் வாய் கூரையிலேயே தாழ்வான இடமாக இருக்க வேண்டும். கேட்கும்போது இது சொல்லவே தேவையற்ற செய்தியாகத் தோன்றும். ஆனால், பழைய வாயைச் சுற்றிப் புதிய காரையும் விரிப்பும் அடுக்கடுக்காகச் சேர்வதால், வாயின் விளிம்பு மேடாகிவிடுவது மிக இயல்பாக நேரும் பிழை. அப்போது தண்ணீர் வாயைச் சுற்றி வளையமாக நிற்கும், உள்ளே இறங்காது. விரிப்பு வாயின் விளிம்போடு நின்றுவிடாமல் குழாய்க்குள்ளும் மடிந்து இறங்கியிருக்க வேண்டும். மேலே இலைகளைத் தடுக்கும் குமிழ் மூடி வேண்டும். வாய் ஒன்றே ஒன்று என்றால், அது அடைபட்டாலும் நீர் வெளியேறக் கைப்பிடிச் சுவரில் ஓர் உபரித் துளை இருப்பது பாதுகாப்பு. 24 சதுர மீட்டர் கூரையில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை 1,200 கிலோகிராம், அதாவது ஒரு சிறிய காரின் எடை. கனமழையில் வாய் அடைபட்டால், கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கேற்ப அது பல கார்களின் எடையாகிவிடும்.

இவையனைத்தையும் பார்த்தபின்பும் மிஞ்சும் ஐயத்தைத் தீர்ப்பதற்குத் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை உள்ளது. வடியும் வாய்களை இறுக அடைத்து, கூரையில் 2.5 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, 24 அல்லது 48 மணி நேரம் விட்டுவைப்பார்கள். இடையில் கீழே சென்று உட்கூரையையும் சுவர்களையும் பார்ப்பார்கள். ஆனால், வெப்பநாட்டில் இச்சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நாளில் சில மில்லிமீட்டர் நீர் வெயிலில் ஆவியாகிவிடும். மட்டம் குறைந்திருப்பதைக் கண்டு வீட்டுக்காரர் கசிவு என்பார். குத்தகையாளர் வெயில் என்பார். இச்சச்சரவைத் தீர்க்க ஒரு பாத்திரம் போதும். அகன்ற பாத்திரமொன்றில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து, கூரையின் பக்கத்தில் அதே வெயிலில் வைக்க வேண்டும். இரண்டிலும் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால், அது ஆவியானதுதான். கூரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால், தண்ணீர் எங்கோ போயிருக்கிறது. அறிவியல் பாடத்தில் வரும் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வீட்டில் கிடைப்பது அரிது.

இச்சோதனையை எந்தக் கூரையிலும் செய்துவிட முடியாது. முன்னர்ச் சொன்ன ஒரு காரின் எடையைத் தாங்கும் கான்கிரீட் தளமாக அது இருக்க வேண்டும். பழமையான, விரிசல் கண்ட தளமென்றால் பொறியாளரிடம் கேட்காமல் தண்ணீர் கட்டக்கூடாது. தகரக் கூரைக்கும் மரச்சட்டக் கூரைக்கும் இது பொருந்தவே பொருந்தாது. மற்றொன்று, நேரம். விரிப்பின்மேல் காரையும் ஓடும் பதிப்பதற்கு முன்பே சோதனையை முடித்துவிட வேண்டும். பதித்தபின் கசிவு கண்டுபிடிக்கப்பட்டால், ஓட்டை எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் உடைக்க நேரும். சோதனையை எப்போது, எத்தனை மணி நேரம் செய்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால், முடிவில் "தண்ணீர் கட்டிப் பார்க்கலாமா, தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிராது. பணத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்குப் பின் தருவதாக எழுதிக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளதே.

வீட்டினுள்ளே செய்யக் கூடியது ஒன்றுண்டு. அதற்கு ஏணி வேண்டாம், மாணவர்களும் செய்யலாம். கூரையைப் புதுப்பித்ததும் உட்கூரையிலுள்ள பழைய கறை மறைந்துவிடாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கசிகிறதோ என்ற ஐயம் எழும். கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, அருகில் தேதியை எழுதிவைத்தால் போதும். கறை கோட்டைத் தாண்டினால் கசிவு தொடர்கிறது; தாண்டாவிட்டால் பழைய ஈரம் மெல்லக் காய்கிறது. கான்கிரீட்டின் அடியில் வெண்ணிறப் பொடியோ சுண்ணாம்புக் குச்சி போன்ற தொங்கலோ புதிதாகத் தோன்றினால், நீர் கான்கிரீட்டை ஊடுருவி அதிலுள்ள சுண்ணத்தைக் கரைத்து வருகிறது என அறியலாம். இதை அசட்டை செய்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால் கான்கிரீட் வெடித்துத் துண்டு துண்டாகக் கீழே விழும். சமையலறையில் நிற்பவரின் தலைக்கு மேல் நடப்பது இது.

குறை காண்பதில் நியாயமும் வேண்டும். விரிப்பின் மேற்பரப்பில் நிறம் இடத்துக்கிடம் சற்று மாறித் தெரிவது, பொருத்துகள் கோடுகளாகத் தெரிவது, மேலே தூவிய மணல் முதல் மழையில் கொஞ்சம் உதிர்ந்து வடியும் வாயில் சேர்வது ஆகியவை குறைகள் அல்ல. கொதிக்கும் வெயிலில், கையில் நெருப்புச் சுடரோடு மண்டியிட்டு நகர்ந்து நகர்ந்து வேலை செய்பவர்களின் உழைப்பை, தெரியாத ஒன்றைச் சொல்லிக் குறைகூறுவது தகாது. குறையென்று சொல்வதை அளந்து சொன்னால் நல்ல குத்தகையாளர் மறுக்க மாட்டார்.

அளந்து சொல்லும் இம்முறையைத்தான் இரு நாடுகளும் பெரிய கட்டடங்களில் பின்பற்றுகின்றன. சிங்கப்பூரில் 1989இல் அறிமுகமான 'கொன்குவாஸ்' மதிப்பீட்டு முறை, வேலையின் தரத்துக்குப் புள்ளிகள் வழங்குகிறது. அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. முதன்முறை சரியாகச் செய்த வேலைக்கே புள்ளி. மதிப்பீட்டுக்குப் பிறகு திருத்தியமைத்ததற்குப் புள்ளி கிடையாது. மலேசியாவில் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் 'குவாலசிக்' முறை, முதன்முதலில் 2006இல் வெளியிடப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட தர நிர்ணயத்தின்படி இயங்குகிறது. கான்கிரீட் கட்டடங்களின் நீர்க்காப்புக்கென்றே சிங்கப்பூரில் 'எஸ்எஸ் 637' என்னும் நடைமுறை விதித்தொகுப்பு உள்ளது. தனிவீட்டுக் கூரைக்கு இத்தனை ஏற்பாடு இராது. மலேசியாவில் மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கிய புதிய வீட்டில் குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் முறையிட்டால் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால், பின்னாளில் வீட்டுக்காரர் தாமே ஆளமர்த்திப் புதுப்பித்த கூரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஒப்பந்தக் கடிதமும் உத்தரவாதக் கடிதமுமே துணை.

உத்தரவாதக் கடிதத்தில் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறைவடைவோர் பலர். அது பொருளுக்கான உத்தரவாதமா, வேலைக்கான உத்தரவாதமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். பொருளுக்கு மட்டும் என்றால், பொருத்து ஒட்டாமல் ஒழுகும்போது தயாரிப்பாளர் பொறுப்பேற்க மாட்டார். தளம் காய்ந்திருந்த நிலை, மூலையிலுள்ள முக்கோணக் காரை, ஒவ்வொரு பூச்சு, தண்ணீர் கட்டிய சோதனை ஆகியவற்றை அளவுநாடா தெரியும்படி படமெடுத்துக் கடிதத்தோடு சேர்த்து வைப்பவர்களுக்குப் பின்னாளில் பேச்சு நீளாது.

இவ்வளவும் செய்து முடித்த கூரையில், ஆறு மாதம் கழித்துக் குளிரூட்டி பொருத்த வேறோர் ஆள் வருவார். இரும்புத் தாங்கியை வைத்து, துளைக்கருவியை எடுத்து, நீர்க்காப்பின் ஊடாக நான்கு துளைகளைப் போட்டு, திருகாணிகளை முடுக்கிவிட்டுப் போய்விடுவார். சூரிய ஒளித்தகடு, கொதிநீர்க் கலன், அலைவாங்கி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளின்மேல் தாங்கியை நிறுத்த வழியுண்டு. துளையிட்டே ஆக வேண்டுமென்றால், கூரை வேலை செய்த குத்தகையாளரையே அழைத்துத் துளையைச் சுற்றி விரிப்பை ஏற்றி அடைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த மழையில் சமையலறை நனையும்போது, உத்தரவாதக் கடிதத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைக் காட்டிக் குத்தகையாளர் கைவிரித்துவிடுவார். அம்முறை நியாயமும் அவர் பக்கமே இருக்கும்.